பத்து ரூபாய்த் தடிமன்

ஜூலை வந்தால் எங்கள் கதவு
சட்டத்துக்குள் நுழைய மறுக்கும்.
எட்டு இருபது லோக்கலின் படியில் தொங்குகிறவன் மாதிரி
உள்ளேயும் இல்லை
வெளியேயும் இல்லை.

ஆண்டாப் ஹில், மூன்றாம் மாடி,
எல்லாருக்கும் பொதுவான நடை.
மூன்று மழைக்காலம்
நானும் தங்கப்பழமும் கிசுகிசுப்பாகவே சண்டை போட்டோம்.
"உன் தம்பிக்கு எதுக்குப் பணம் குடுத்தே?"
அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்கிற குரலில் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு
சோர் பஜார் போனேன்.
தார்ப்பாயில் கேமரா இல்லாத கேமராப் பைகள்,
ஒரு பல்செட்,
ஏழு இழைப்புளிகள்.
ரந்தா, என்று கையை வீசினார் இத்ரீஸ் பாய்,
எதை எடுத்தாலும் ஒரே விலை என்பதுபோல.
ஒரே விலை இல்லை.

முதலாவதற்குப் புதுப் பச்சைப் பெயிண்ட்.
சுரண்டினால் வாயோரம் விரிசல்.
மரத்தில் செய்தது கைக்கு இதமாக இருந்தது,
ஆனால் அடி தேய்ந்து வாய் அகன்றுவிட்டது,
மரத்தைச் சீவாது, பிய்க்கும்.
பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து
ஒவ்வொன்றின் அடியிலும் வைத்து
வானத்துக்கு எதிரே பிடித்தேன்.
நடுவில் வெளிச்சம் ஒழுகினால் குழி.
ஐந்தாவதில் எதுவும் ஒழுகவில்லை.
துரு இருந்தது. இருக்கட்டும்.
"பேங்க்கிலா வேலை?"
எப்படித் தெரியும்?
"கள்ளநோட்டு பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்களே."

இரவு, சமையல் மேடை.
கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள்.
முதலில் அலகின் முதுகு.
சரிவை மட்டும் தீட்டிப் பயனில்லை,
கூர் என்பது
இரண்டு பரப்புகள் சந்திக்கிற கோடு,
ஒன்று ஒழுங்காக இருந்து இன்னொன்று கோணினால் வெட்டாது.
இதைத் தங்கப்பழத்திடம் சொல்லவில்லை.

பிறகு எண்ணெய்க்கல்.
இழுக்க இழுக்க மறுபக்கம் பிசிறு புரண்டது,
கண்ணுக்குத் தெரியாது,
புதுக் கட்டின் ஓரம்போல விரலில் தட்டும்.
விளிம்பு முழுக்கத் தட்டும்வரை நிறுத்தக் கூடாது,
தட்டியபின் தொடரக் கூடாது.
அவனுடைய பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் இருபது தரம்.
முன்கை முடி ஒரு நாணய அகலத்துக்குப் போயிற்று.
மறுநாள் கவுண்டரில் யாரும் கேட்கவில்லை.

கதவைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும்.
ஞாயிறு முழுக்க வீடு திறந்து கிடந்தது.
அவன் கதவை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டான்,
பெட்ணேகர் வீட்டுப் பையன் வாசலில் உட்கார்ந்து
பிஸ்கட் தின்றபடி பார்த்தான்.
முதல் தள்ளலில் தூள்.
அலகை ஒரு மயிரளவு உள்ளே தள்ளினேன்.
பிய்த்தது. ரேகை எதிர்ப்பக்கம் ஓடுகிறது.
கதவைத் திருப்பினோம், "எத்தனை தடவை?" என்றான், திருப்பினான்.
அப்புறம் வந்தது
ஒரே சுருள்,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை,
கிழியாமல், தேக்கு வாசனையோடு.
விரலிடுக்கில் உருட்டினேன்.
நைந்த பத்து ரூபாய் நோட்டு. அதே தடிமன்.

எத்தனை நோட்டு எடுப்பது?
ஜூலைக்குச் சரியாக்கினால் ஜனவரியில் இடைவெளி,
ஜனவரிக்குச் சரியாக்கினால் ஜூலையில் முட்டும்.
என் பேரேட்டில் இப்படி ஒரு கணக்கு கிடையாது.
இருபத்திரண்டில் நிறுத்தினேன்.
ஏன் இருபத்திரண்டு என்றால்
கை வலித்தது.

மாட்டினோம். சாத்தினோம்.
தாழ்ப்பாள் தானாகப் போய் உட்கார்ந்தது.
மழைச் சத்தம்
நடையோடு நின்றுகொண்டது.
"இனி கத்தலாம்," என்றான்.
கத்து, என்றேன்.
காலில் சுருள்கள் ஒட்டியிருக்க
நடுவீட்டில் நின்று யோசித்தான்,
பிறகு முழுத் தொண்டையில்,
"என் பெல்ட்டை யாரைக் கேட்டு எடுத்தே!"

பக்கத்து வீட்டில்
டிவியைக் குறைத்தார்கள்.

இன்று ஜனவரி ஒன்பது.
மேல் மூலையில் வெளிச்சம் ஒழுகுகிறது.
ஸ்டூல் போட்டு ஏறி
ஒரு பத்து ரூபாயை நுழைத்துப் பார்த்தேன்.
இன்னொன்று கொடு, என்றேன்.
கீழே நின்று கொடுத்தான்.
அதுவும் நுழைந்தது.